செங்கல் எண்ணிய பையன்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். 1940களின் இறுதியில் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டொனால்ட் டிரிப்ளெட் என்ற பையனைப் பற்றி ஒரு கதை உண்டு. கணக்கில் புலி என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருநாள் சில பையன்கள் அவனை நிறுத்தி, எதிரே இருந்த கட்டிடத்தைக் காட்டி, "இதில் எத்தனை செங்கல் இருக்கு, சொல்லு பார்க்கலாம்" என்றார்கள். டொனால்ட் ஒரு பார்வை பார்த்தான். ஒரு எண்ணைச் சொன்னான். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். யாரும் எண்ணிச் சரிபார்க்கவில்லை என்பது வேறு விஷயம்!

அறுபது வருடங்கள் கழித்து ஜான் டான்வன், கேரன் ஜக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் டொனால்டைத் தேடிப் போனார்கள். அவருக்கு அப்போது 77 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செங்கல் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். கணக்கே போடவில்லை, வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன் என்றார். ஏன்? அந்தப் பையன்கள் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.

பதினாறு பதினேழு வயதில் யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பையன் சாதாரணப் பையன் இல்லை. மருத்துவ வரலாற்றில் ஆட்டிசம் என்ற பெயரோடு பதிவான முதல் குழந்தை, "கேஸ் 1", இவர்தான். மற்றவர்கள் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது, தங்கள் உலகத்திலேயே இருப்பார்கள் என்று பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த கூட்டத்தின் முதல் ஆள். அவருக்கும் நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை எப்படி அடைவது என்பதில்தான் சிக்கல்.

(தமிழில் இதை மன இறுக்கம், மதியிறுக்கம், தற்புனைவு ஆழ்வு என்று பல பெயர்களில் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஆட்டிசம் என்ற சொல்லே நிலைத்துவிட்டது.)

டொனால்ட் பிறந்தது 1933ல். அப்பா பீமன் டிரிப்ளெட் வக்கீல். அம்மா மேரியின் குடும்பம் ஊரில் வங்கி வைத்திருந்த குடும்பம். குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் வட்டமான பொருள் எதைக் கண்டாலும் சுழற்றினான், எண்களை மனப்பாடமாகச் சொன்னான், கேட்ட சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னான். 1937ல், நாலு வயது முடிவதற்குள், டாக்டர்கள் சொன்னபடி அவனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். காசநோய் வந்துவிடுமோ என்று அஞ்சப்பட்ட குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட இடம் அது. பெற்றோர் மாதத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அதுதான் வழக்கமான முடிவு. விட்டுவிட்டு வா, மறந்துவிடு, அடுத்த குழந்தையைப் பெற்றுக்கொள்.

அந்த அம்மா அப்பா ஒரு வருடம்தான் தாங்கினார்கள். 1938ல் போய் அழைத்து வந்துவிட்டார்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், அப்படியே விடுங்கள் என்று விடுதியின் இயக்குநர் தடுத்தாராம். ஒரு வருடம் தன்னிடம் இருந்த குழந்தையைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை அரைப் பக்கம். அதே குழந்தையைப் பற்றி அப்பா ஒரு டாக்டருக்கு எழுதிய கடிதம் 33 பக்கம்!

கடிதம் போனது பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனருக்கு. 1943ல் கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். அதில் முதலில் வருபவன் டொனால்ட்.

கேனர்தான் முதலில் கவனித்தவர் என்று சொல்ல முடியாது. மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1925லேயே இதே மாதிரியான ஆறு பையன்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர்களை மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு பள்ளியில் வைத்து உடற்பயிற்சி, படம் வரைதல், தச்சு வேலை என்று மற்ற பிள்ளைகளோடு கலக்க வைத்தார். உலகம் அதைப் படிக்கவில்லை. 1996ல்தான் அவர் கட்டுரை ஆங்கிலத்துக்கே வந்தது. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944ல் எழுதினார். அவர் பெயரில் ஒரு நோயே பின்னால் வந்தது. நாஜி ஆட்சியில் அவர் சில குழந்தைகளை, சிறுவர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பீகல்குருண்ட் என்ற இடத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தார் என்பதை 2018ல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களோடு வெளியிட்டார். அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே பலருக்கு நாக்கு கூசுகிறது.

மீண்டும் டொனால்டுக்கு வருவோம். 1942ல், ஒன்பது வயதில், அவனை ஊரிலிருந்து சுமார் பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் விட்டார்கள். லூயிஸ் என்ற தம்பதி. குழந்தை இல்லாதவர்கள். மனநலம் படித்தவர்களும் இல்லை. 1945ல் கேனர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அசந்து போனார்.

டொனால்டுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும். சரி, கிணறு தோண்டப் போகிறோம், எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல் என்றார் லூயிஸ். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிக்கொண்டே இருப்பான். தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, இது உன் சுடுகாடு, புதைத்துக்கொள் என்றார். பையன் ஒவ்வொரு குழிக்கும் பெயர்ப் பலகை நட்டான், நத்தைக்குக்கூடப் பெயரும் இறந்த தேதியும் எழுதி! சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பான். அப்படியானால் உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்துவிட்டார். கேனர் பார்க்கும்போது அவன் குதிரையை ஓட்டி, ஏரைப் பிடித்து, ஆறு நீண்ட வரிசைகளை உழுது திரும்பினானாம். பக்கத்தில் இருந்த கிராமத்துப் பள்ளியும் அவன் விசித்திரங்களைப் பொறுத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டது.

அவனுடைய பழக்கத்தை நிறுத்து என்று லூயிஸ் சொல்லவே இல்லை. அந்தப் பழக்கத்தின் முனையை இன்னொரு மனிதர் பக்கம் திருப்பிவிட்டார். அளந்தால் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் கேட்க ஒரு ஆள் இருந்தார். பின்னால் வந்த எத்தனையோ பயிற்சிக் கையேடுகளில் இல்லாத விஷயம் இதில் இருக்கிறது.

பிறகு வீடு திரும்பி, ஃபாரஸ்டில் உயர்நிலைப் பள்ளி. செங்கல் கதை நடந்தது அப்போதுதான். பதின்ம வயது என்பது ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஏன் அவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஏழு வயதில் நட்புக்கு ஒரு பந்து போதும். பதிமூன்று தாண்டினால் நட்பு முழுக்கப் பேச்சாகிவிடுகிறது. யாரைக் கிண்டல் செய்யலாம், எதுவரை செய்யலாம், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்போது உள்ளே நுழையலாம், எப்போது வாயை மூட வேண்டும்... இதற்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது. மற்றவர்கள் கற்றுக்கொள்கிறோம் என்று தெரியாமலே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது தானாக வருவதில்லை.

டொனால்ட் ஜாக்சன் நகரில் மில்சாப்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1958ல் பிரெஞ்சு மொழியில் பட்டம் வாங்கினார். மாணவர் சங்கம் ஒன்றிலும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒரு கல்லூரி நண்பர் அவருக்கு ஏற்ற இறக்கத்தோடு பேசக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். நீச்சல் பழக்க ஆற்றுக்கும் அழைத்துப் போனார். இரண்டுமே சரியாக வரவில்லை. ஆனாலும் அந்த நண்பர் விலகிப் போகவில்லை. பட்டம் வாங்கி ஊருக்கு வந்து வங்கியில் கணக்கராக உட்கார்ந்தார். 27 வயதில் கார் ஓட்டப் பழகினார். கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டார். ஊர் கிவானிஸ் சங்கத்தில் ஒரு தவணை தலைவராகவும் இருந்தார். 1970ல் அம்மா மேரி டாக்டர் கேனருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு வரியும் எழுதியிருந்தார்.

குடும்பத்துக்குச் சொந்தமான வங்கியில் வேலை கிடைப்பது பெரிய சாதனையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணம் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது, பால்டிமோர் வரை ரயிலில் போய் டாக்டரைப் பார்க்க வசதி இருந்தது. அதோடு அது வெள்ளையர் குடும்பம். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த மிசிசிப்பியில் அதே தெருக்கோடியில் இதே மாதிரி ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்திருந்தால், அதன் பெயர் எந்தக் கட்டுரையிலும் வந்திருக்காது.

கேனர் 1971ல் தன் பதினொரு குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். படிக்கவே கனமான கட்டுரை. டொனால்ட் வங்கியில். ஃபிரெடரிக் என்ற இன்னொருவர் ஒரு அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திர வேலையில். அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்களோ, சின்ன வயதில் இருந்த திறமையும் துறுதுறுப்பும் போய் ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனை கொடுத்த மாதிரி என்று கேனரே வருத்தப்பட்டிருக்கிறார்.

இடைப்பட்ட இருபது முப்பது வருடங்கள் இந்த வரலாற்றின் கறுப்புப் பக்கம். பாசமில்லாத அம்மாக்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற வாதத்தை சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் புத்தகமாகவே எழுதினார். (கேனருக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. பெற்றோரின் குளிர்ச்சியைப் பற்றி முதலில் பேசியவர் அவர்தான்.) அம்மாவே காரணம் என்றால் பிள்ளைக்குப் பழகக் கற்றுத்தர யார் மெனக்கெடுவார்கள்? மூன்று வருடம் முன்பே, 1964ல், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட் அந்த வாதத்தை உடைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் ஈவார் லோவாஸ் பரிசும் தண்டனையுமாகக் குழந்தைகளைப் பழக்கினார். அடியும் மின்சார அதிர்ச்சியும்கூட அதில் இருந்தன. 1965ல் லைஃப் பத்திரிகை அதைப் படங்களோடு போட்டது. நேராகப் பார், உட்கார், கட்டிப்பிடி. சொன்னதைச் செய்தால் ஒரு வாய் சாப்பாடு. இதெல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு. வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி அப்போது யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

யோசித்தவர் மறுபடியும் கேனர்தான். 1972ல் இரண்டு பேரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டியது. 1953க்கு முன் தன்னிடம் வந்த 96 பேரில், வளர்ந்தபின் வேலை பார்த்துக்கொண்டு சமூகத்தில் கலந்து வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அவர்களிடம் மட்டும் அப்படி என்ன இருந்தது? பதின்ம வயதில் அவர்களுக்கு ஒரு உறுத்தல் வந்திருந்தது. நாம் மற்றவர்கள் மாதிரி இல்லை என்று தெரிந்திருந்தது. தெரிந்து, அதற்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்களாகவே முயன்றிருந்தார்கள். எதை வைத்து? தங்களுக்குப் பைத்தியமாகப் பிடித்த விஷயத்தை வைத்தே. அதைச் சாக்காகக் கொண்டு மனிதர்களிடம் பேசப் போனார்கள். டொனால்டும் அந்தச் செங்கல் எண்ணை வைத்து அதைத்தான் செய்தார்.

அந்த உறுத்தல் வரும் வயதில் கைகொடுக்க யாராவது வேண்டும் என்ற எண்ணம் 1980களில்தான் நடைமுறைக்கு வந்தது. வட கரோலினாவில் கேரி மெசிபோவ் 1984ல் பேசத் தெரிந்த பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் நடத்திய குழு வகுப்பைப் பற்றி எழுதினார். நடித்துப் பழகுவது, பேச்சைக் கேட்பது, இவற்றோடு ஜோக் சொல்லவும் தனியாக நேரம்! 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தில் கேரல் கிரே என்ற ஆசிரியை சமூகக் கதைகளை எழுதத் தொடங்கினார். மதிய உணவு வரிசையில் என்ன நடக்கும், மற்றவர்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்று பிள்ளையின் கண்ணிலிருந்து சொல்லும் சின்னக் கதைகள். இதில் அவர் வைத்த விதி முக்கியமானது. "இப்படிச் செய்" என்று ஒரு வரி எழுதினால், ஏன் என்று விளக்கும் வரிகள் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 2004ல் டேனியல் லெகாஃப் என்பவர் லெகோ கட்டைகளை வைத்து ஒரு முறையைச் சொன்னார். ஒரு பிள்ளை வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளை கட்டையை எடுத்துத் தர வேண்டும், ஒரு பிள்ளை பொருத்த வேண்டும். பேசாமல் வேலை நடக்காது. லூயிஸின் சோளக்காடு ஞாபகத்துக்கு வருகிறது.

டீன் ஏஜ் பிள்ளைகளுக்கென்று இன்று அதிகம் பேசப்படும் முறை பியர்ஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகிசன், ஃபிரெட் ஃபிராங்கல் இருவரும் உருவாக்கியது. 2009ல் 13 முதல் 17 வயது வரையான 33 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம். பக்கத்து அறையில் அதே நேரத்தில் பெற்றோருக்கும் வகுப்பு.

இதில் சுவாரசியமான விஷயம், பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லும் அறிவுரைகள் பலவற்றை இவர்கள் தூக்கிப் போட்டதுதான். நட்பு வட்டத்தில் நன்றாகப் பழகும் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். உதாரணமாக, யாராவது கிண்டல் செய்தால் என்ன செய்வது? கண்டுகொள்ளாதே, விலகிப் போ, டீச்சரிடம் சொல். எல்லா வீட்டிலும் இதுதான். எந்தப் பதினைந்து வயதுப் பையனும் இதைச் செய்து தப்பித்ததில்லை! நன்றாகப் பழகும் பிள்ளைகள் "அதனால என்ன?" என்கிற மாதிரி அலட்சியமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிண்டல் செய்தவனுக்கு அதில் ருசி போய்விடுகிறது. அதே போல, பேசிக்கொண்டிருக்கும் நாலு பேரிடம் நேராகப் போய் "ஹலோ, என் பெயர் இன்னது" என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று காதுகொடுத்து, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, இடைவெளி விழும்போது அதே விஷயத்தில் ஒரு வார்த்தை சேர்க்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் தொடரலாம், இல்லையென்றால் நகர்ந்துவிடலாம். மற்றவர் தப்பைத் திருத்திக்கொண்டே இருக்காதே, கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பேட்டி எடுக்காதே என்றும் விதிகள் உண்டு. வீட்டுப்பாடமாக ஒரு நண்பனை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அதற்குத்தான் பெற்றோர் வகுப்பு. கொரியாவிலும் இதைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிச் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள்.

பலன் இருந்ததா? விதிகள் பிள்ளைகளுக்குத் தெரிந்தன, வீட்டுக்கு நண்பர்களை அழைப்பதும் கூடியது. ஆனால் முன்னேற்றம் பெரும்பாலும் பெற்றோர் சொன்னதை வைத்து அளக்கப்பட்டது. அவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். தங்கள் பிள்ளைக்குத் தாங்களே மார்க் போட்ட மாதிரி. 2017ல் இத்தகைய குழு வகுப்புகளின் 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கண்ணுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிள்ளைகள் சொன்னதிலும், எப்படிப் பழக வேண்டும் என்று தெரிந்துகொண்டோம் என்பதுதான் இருந்தது, அப்படிப் பழகினோம் என்பது இல்லை.

அதே 2017ல் அமெரிக்காவில் நோவா சாசன் குழு இன்னொன்றைச் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடி வீடியோக்களை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி, இவரோடு பழகுவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மார்க் குறைந்தது, பார்த்த மாத்திரத்திலேயே. ஆனால் வீடியோவைக் காட்டாமல், அவர்கள் பேசியதை மட்டும் எழுத்தில் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! அப்படியானால் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எவ்வளவு நல்ல விஷயமாகப் பேசப் பழகினாலும், எதிரே இருப்பவர் அதைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்.

இங்கிலாந்தில் டேமியன் மில்டன் 2012லேயே இதைத் தத்துவமாகச் சொல்லியிருந்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர், அவர் மகனும் அப்படியே. புரிந்துகொள்ளாத குறை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் டியூஷன் வைக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு பக்க டியூஷனுக்கு விலையும் உண்டு. நாள் முழுக்க மற்றவர் மாதிரி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து களைத்து விழுவதைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு இருப்பதை 2018ல் சாரா கசிடி குழுவின் ஆய்வு காட்டியது. அதற்காகக் கற்றுத்தரவே கூடாது என்று சொல்வதும் சரியில்லை. நண்பன் வேண்டும் என்று தவிக்கும் பதினாறு வயதுப் பையனிடம் போய், நீ மாற வேண்டாம், ஊர் மாறட்டும் என்றால் அவன் அதுவரை யாரோடு சாப்பிட உட்காருவான்?

ஃபாரஸ்ட் ஊரில் எது முதலில் மாறியது என்று சொல்வது கஷ்டம். டான்வனும் ஜக்கரும் 2010ல் எழுதிய கட்டுரைக்காக அங்கே போனபோது, ஒருவர் இருவர் இல்லை, மூன்று பேராவது தனித்தனியாக அவர்களை எச்சரித்தார்களாம். உங்களால் டானுக்கு ஏதாவது கெடுதல் வந்தால் உங்களை எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரியும் என்று! வயதான பிறகும் அவருடைய பேச்சு அப்படியேதான் இருந்தது. ஒரு கேள்விக்கு ஒரு வரி பதில், பிறகு எழுந்து போய்விடுவார். ஊர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது. கோல்ஃப் மைதானத்தில் அவர் பந்தை அடிப்பதற்கு முன் செய்யும் சடங்குகள் முடியும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தனியாகவே முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றிவிட்டு வந்தார்.

டொனால்ட் டிரிப்ளெட் 2023 ஜூன் மாதம், 89 வயதில், அதே ஊரில் இறந்தார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிடித்த மனிதர்களுக்கு ஒரு எண் கொடுப்பார். ஏன் அந்த எண் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் மறக்க மாட்டார். பல வருடம் கழித்துத் தெருவில் பார்த்தாலும் அந்த எண்ணைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவாராம். ஊரில் பலரிடம் அப்படி ஒரு எண் இருந்தது. பேட்டி எடுக்க வந்த அந்த இரண்டு பத்திரிகையாளர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பினார்.